முதலில் திறக்கும் ஃபோல்டர்

எக்ஸெல் தாளின் மூலையில் பச்சை நிறத்தில் ஒரு பொத்தான் வைத்திருந்தேன். அதை அழுத்தினால் ஒரு பெட்டி திறந்து, எந்தக் கோப்பு வேண்டும் என்று கேட்கும். கோப்பைக் காட்டிவிட்டால் போதும். தோலை அளக்கும் மெஷின் எழுதிவைத்த எண்களை எடுத்து, கட்டு வாரியாகப் பிரித்து, கூட்டி, பேக்கிங் லிஸ்ட்டாக அச்சடித்துக் கொடுத்துவிடும். முன்பெல்லாம் கையால் செய்தால் அரை நாள் போகும் வேலை. இதற்கு மேக்ரோ என்று பெயர். இணையத்தில் தேடித் தேடிப் படித்து நானே எழுதியது. அதில் ஒரே ஒரு குறைதான். பெட்டி எப்போது திறந்தாலும் 'டாக்குமெண்ட்ஸ்' என்ற ஃபோல்டரில்தான் திறக்கும். எங்களுக்கு வேண்டியது எதுவும் அங்கே இருக்காது. யார் யாரோ ஸ்கேன் செய்து போட்ட ஆதார் அட்டைகளும், கரண்ட் பில்லும், ஒரு பையனின் டி.சி.யும் இருக்கும். அங்கிருந்து வெளியே வந்து, டி டிரைவுக்குப் போய், 'அளவு' என்ற ஃபோல்டரைத் திறந்து, அதற்குள் இருக்கும் இரண்டு ஃபோல்டர்களில் ஒன்றுக்குள் நுழைய வேண்டும்.

அந்த இரண்டில் எது என்பதில்தான் நான் ஒரு மாதம் மாட்டிக்கொண்டேன்.

ஆம்பூரில் பைபாஸை ஒட்டி நான் வேலை பார்த்த, தோல் பதனிடும் டேனரிக்கு இரண்டு முதலாளிகள். இஷ்தியாக் அகமது மூத்தவர், ரஃபி அகமது இளையவர். நாங்கள் பெரிய பாய், சின்ன பாய் என்போம். தகப்பனார் இறந்த பிறகு தோல் வாங்குவதையும் விற்பதையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டார்கள். பெரியவர் ஷூவின் மேல்பாகத்துக்கான மாட்டுத்தோல் செய்தார். சின்னவர் உள்ளே தைக்கிற லைனிங்குக்கான ஆட்டுத்தோல் செய்தார். தோலைப் பதப்படுத்தும் டிரம்களைப் பிரித்தார்கள், ஆட்களைப் பிரித்தார்கள், டீக்கடைக் கணக்கைக்கூடப் பிரித்தார்கள். பிரிக்க முடியாதவை மூன்று: தோலின் சதுர அடியை அளக்கும் மெஷின், அதோடு இணைந்த கம்ப்யூட்டர், அதன் முன்னால் உட்கார்ந்திருந்த நான்.

இரண்டு வருடங்களாக அவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. காரணத்தை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். பேக்கிங் பார்க்கும் தபரேஸ் அண்ணன் சொன்னது, பெரியவர் மகளின் கல்யாணப் பத்திரிகையில் சின்னவர் பெயர் சம்பந்தியின் தம்பி பெயருக்குக் கீழே வந்துவிட்டது என்று. இருக்கலாம். எதுவானாலும், ஒரே கேட்டில் நுழைந்து ஒரே ஆஃபீஸில் உட்கார்ந்த இருவரும் சொல்ல வேண்டியதையெல்லாம் என்னிடம் சொன்னார்கள். அவருடைய மூன்றாம் டிரம் வியாழக்கிழமை எனக்கு வேண்டும் என்று சொல்லும்மா. சரி, ஆனால் சாயந்திரத்துக்குள் கழுவித் தரணும் என்று அவரிடம் சொல்லும்மா. இரண்டு மேசைகளுக்கும் நடுவே ஆறடி தூரம். பக்கத்து மெஷின் அறையிலிருந்து என்னைக் கூப்பிடுவார்கள், நான் ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குப் போய் அதே வாக்கியத்தைச் சொல்வேன். அவர் அதைக் கேட்டு முடித்திருப்பார், இருந்தாலும் நான் சொல்லும்வரை காத்திருப்பார்.

எனக்குப் பேசாமல் இருப்பது பிடிக்கும். என் கணவர் செல்வகுமார் சனிக்கிழமை வந்தால் நாங்கள் இருவரும் ஒரே அறையில் ஆளுக்கொரு புத்தகத்தோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்போம். யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டோம், அதில் ஒரு நிறைவு இருக்கும். இவர்களுடைய மௌனம் அந்த வகையே இல்லை. இது மூன்றாவது ஆள் ஒருத்தி ஓயாமல் பேசினால்தான் நடக்கிற மௌனம். வீட்டுக்குப் போனால் தொண்டை வறண்டிருக்கும், ஆனால் அன்று முழுக்க நானாக ஒரு வார்த்தையும் பேசியிருக்க மாட்டேன்.

செல்வகுமாருக்குக் கலவை என்ற ஊரில் பள்ளி ஆசிரியர் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அங்கே, நான் இங்கே. இராணிப்பேட்டையில் ஒரு ரசாயனக் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தபோது ஆற்காட்டில் வீடு எடுத்தால் இருவரும் தினமும் வீடு திரும்பலாம் என்று ஆனது. புதிய கம்பெனி ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகக் கேட்டது. பழைய இடத்திலிருந்து விடுவிப்புக் கடிதம் வேண்டும், அது இல்லாமல், ஒரு மாதம் கழித்துச் சேர வேண்டிய திங்கட்கிழமை உள்ளே வர முடியாது. அவர்களிடம் வேறு இருவர் வரிசையில் நின்றிருந்தார்கள். வேலை அவர்களுக்குப் போய்விட்டால் அவ்வளவுதான்.

எங்கள் டேனரியில் பிரிவினைக்குப் பிறகு வெளியே போகும் எந்தக் காகிதத்திலும் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒருவர் மட்டும் போட்டால் இன்னொருவர் பாங்கிலும் ஆடிட்டரிடமும் அது செல்லாது என்று சொல்லிவிடுவார். என் கடிதத்தை நானே டைப் செய்தேன். முதலில் இரண்டு பெயர்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக, பெரியவர் மேலே வரும்படி போட்டேன். சின்னவர் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார். பெயரை மாற்றிப் போட்டேன். பெரியவர் திருப்பிக் கொடுத்தார். தபரேஸ் அண்ணன்தான் வழி சொன்னார்.

"பக்கத்துல பக்கத்துல போடு தங்கச்சி. பெரியவரு இங்கிலீஷ்ல படிப்பாரு, எடது பக்கம் மொதல்ல. சின்னவரு உருதுல படிப்பாரு, வலது பக்கம் மொதல்ல. ரெண்டு பேருமே மொதல்லதான்."

அது வேலை செய்தது. கடிதத்தின் அமைப்பை இருவருமே ஏற்றுக்கொண்டார்கள். கையெழுத்து மட்டும் பாக்கி. அப்போதுதான் லாட் பதினாலு வந்து சேர்ந்தது.

இரண்டு பாய்களும் மாதம் பிறந்தால் தங்கள் சரக்குக்கு லாட் ஒன்று என்று எண்ணிக்கையை ஆரம்பிப்பார்கள். ஆக, மாதத்தின் நடுவில் பெரியவருக்கும் ஒரு லாட் பதினாலு இருக்கும், சின்னவருக்கும் ஒரு லாட் பதினாலு இருக்கும். அளவு மெஷின் அவரவர் ஃபோல்டரில் அதே பெயரில் கோப்பை எழுதிவைக்கும். நான் லீவில் இருந்த அன்று தபரேஸ் அண்ணன் பச்சைப் பொத்தானை அழுத்தி, ஆதார் அட்டைகளைத் தாண்டி, டி டிரைவைத் தேடிப் பிடித்து, தப்பான ஃபோல்டருக்குள் போய் லாட் பதினாலைக் காட்டிவிட்டார். கறுப்பு ஆட்டுத்தோல் ஏற்றிய வண்டி பிரவுன் மாட்டுத்தோலின் பேக்கிங் லிஸ்ட்டோடு போயிற்று. ஷூ கம்பெனி கேட்டிலேயே வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் இருவரும் என்னைத் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். இருவர் சொன்னதும் ஒன்றுதான். நீ போன பிறகு இதை யாரிடம் போய்க் கேட்பது, அந்தப் பெட்டி தானாகச் சரியான ஃபோல்டரில் திறக்கிற மாதிரி செய்து வைத்துவிட்டுப் போ, அப்புறம் கையெழுத்துப் போடுகிறேன். நியாயமான பேச்சு. இரண்டு வருடத்தில் இருவரும் ஒரே விஷயத்தைச் சொன்னது அதுவே முதல் முறை. மகிழ்ச்சியாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். எது சரியான ஃபோல்டர் என்று இருவரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

ஃபோல்டரை மாற்றச் சொல்லும் கட்டளை மேக்ரோவில் ஒரு வரிதான். எழுதினேன். பொத்தானை அழுத்தினேன். பெட்டி நிதானமாக ஆதார் அட்டைகளின் நடுவில் திறந்தது. வரியைத் திரும்பப் படித்தேன், எழுத்துப் பிழை இல்லை. தப்பு என்றும் அது சொல்லவில்லை. சொன்னதைக் கேட்டுக்கொண்டது, செய்யவில்லை. இரண்டு நாள் இதோடு போராடினேன். கடைசியில்தான் புரிந்தது. அந்தக் கட்டளை டி டிரைவுக்குள் நீ இங்கே நில் என்று சொல்லுமே தவிர, டாக்குமெண்ட்ஸ் இருக்கும் சி டிரைவை விட்டு டி டிரைவுக்கு வா என்று சொல்லாது. அதற்குத் தனியாக இன்னொரு கட்டளை, அதை இதற்கு முன்னால் சொல்ல வேண்டும். யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து இப்படி யோசித்து வைத்திருக்கிறார். அந்த ஆளை எங்கள் ஆஃபீஸில் ஒரு வாரம் உட்காரவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்குப் பழகிய இடம் மாதிரியே இருக்கும்.

அன்று மெஷினில் பெரியவர் சரக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதனால் பெரியவர் ஃபோல்டரையே எழுதிப் பார்த்தேன். திறந்தது. பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்து, நல்ல வேலை, இப்படித்தான் இருக்கணும் என்றார். பேனாவைத் தேடிச் சட்டைப் பையில் கைவிட்டபோது வாசலில் சின்னவர் நின்றிருந்தார். அவர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, மெஷின் அவரு வாங்கினதா? என் சரக்கு வந்தா நான் அவரு வாசல் வழியா போய்ட்டு வரணுமா?"

பெரியவர் பேனாவை எடுக்காமலே கையை வெளியே எடுத்தார். அவருக்கும் அதற்குமேல் கையெழுத்துப் போட விருப்பமில்லை, ஏனென்றால் சின்னவர் போடாமல் தான் மட்டும் போட்டால் தான் விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடுமாம். இதை அவர் அங்கேயே, ஆறடி தூரத்தில், என் வழியாகச் சொன்னார்.

லாட் நம்பருக்கு முன்னால் ஆளுக்கொரு எழுத்துச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தேன். அப்படிச் செய்தால் கோப்பின் பெயரே யாருடையது என்று சொல்லிவிடும், எங்கே திறந்தால் என்ன. என் லாட்டுக்கு எதற்கு எழுத்து, அப்பா காலத்திலிருந்து வெறும் நம்பர்தான், வேண்டுமானால் அவர் சேர்த்துக்கொள்ளட்டும் என்றார் பெரியவர். சின்னவர் சொன்னதும் அதேதான். அப்பாவும் ஒருவரேதான்.

அடுத்து இன்னொரு வழியில் எழுதினேன். இதில் பெட்டிக்கு முகவரியையே கொடுத்துவிடலாம். கடைசியில் ஒரு சாய்கோடு போட வேண்டும், அதை விட்டுவிட்டேன். அதனால் பெட்டி சின்னவர் ஃபோல்டருக்குள் நுழையாமல் ஒரு படி வெளியே, 'அளவு' ஃபோல்டரிலேயே நின்றது. அங்கே இரண்டு ஃபோல்டர்களும் தெரிந்தன. கீழே கோப்பின் பெயர் வர வேண்டிய கட்டத்தில் சின்னவர் பெயர் மட்டும் எழுதியிருந்தது. பிழைதான். ஆனால் அதைப் பார்த்தவுடன் எனக்கு மூச்சு வந்தது. வெளியே நின்றால் இரண்டு கதவும் தெரிகிறதே. அந்தப் பெயரை எடுத்துவிட்டு, வேண்டுமென்றே வெளியில் நிற்கும்படி மாற்றினேன். பெட்டி திறந்தால் இரண்டு ஃபோல்டர்கள், யாருக்கு எது வேண்டுமோ அதைத் தொடலாம். இதைவிட நியாயமாக ஒரு கம்ப்யூட்டரால் இருக்க முடியாது.

ஆனால் அந்தப் பெட்டி பக்கத்தில் பக்கத்தில் வைக்காது. ஒன்றின் கீழ் ஒன்றாகத்தான் அடுக்கும். ஆங்கில எழுத்து வரிசையில் இஷ்தியாக் மேலே, ரஃபி கீழே.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் ரஃபி மேலே இருந்தார். ஃபோல்டரின் பெயருக்கு முன்னால் 'ஏ' என்று ஓர் எழுத்து சேர்ந்திருந்தது. மதியம் இஷ்தியாக் மேலே வந்தார், அவருக்கு முன்னால் இரண்டு 'ஏ'. சாயந்திரம் ரஃபியின் முன்னால் 'ஒன்று' என்ற எண் வந்தது, எண் எழுத்துக்கு முன்னால் வரும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மறுநாள் இஷ்தியாக்குக்குப் பூஜ்யம். அதற்கடுத்து இருவருமே பூஜ்யங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள்.

இதில் யாரும் யோசிக்காதது ஒன்று. அளவு மெஷினுக்கு இந்தப் பூஜ்யமெல்லாம் தெரியாது. அது பழைய பெயரில் ஃபோல்டரைத் தேடும், இல்லையென்றால் பழைய பெயரிலேயே புதிதாக ஒன்றைச் செய்து அதில் எழுதிவிடும். அந்த வாரம் 'அளவு' ஃபோல்டருக்குள் எட்டு ஃபோல்டர்கள் இருந்தன. நாலு இஷ்தியாக், நாலு ரஃபி. புது மாதத்தின் லாட் மூன்று ஒன்றில், நாலு இன்னொன்றில். தபரேஸ் அண்ணன் திரையை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலை நாஷ்டாவுக்கு வந்த மாப்ள வீட்டுக்காரங்க மாதிரி வரிசையா உக்காந்திருக்காங்க தங்கச்சி. இதுல எந்த பாய எழுப்பறது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டையும் இரண்டாக்க எனக்கு அரை நாள் ஆயிற்று. மேக்ரோ வருவதற்கு முன் பேக்கிங் லிஸ்ட் போட எடுத்துக்கொண்ட அதே அரை நாள். செல்வகுமார் ஃபோனில், ஆற்காட்டு வீட்டின் சொந்தக்காரர் எப்போது வருகிறீர்கள் என்று கேட்கிறார் என்றார். இன்னும் தெரியவில்லை என்றேன். அவரும் மேலே கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் அன்று நான் கத்தியிருப்பேன்.

கடைசி வாரம் வந்துவிட்டது. நான் ஃபோல்டர் பெயரையே எழுதாத ஒரு வழியைக் கண்டுபிடித்தேன். கடைசியாக எந்த ஃபோல்டரிலிருந்து கோப்பு எடுக்கப்பட்டதோ அதை மேக்ரோ ஞாபகம் வைத்துக்கொள்ளும், அடுத்த முறை அங்கேயே திறக்கும். பெரியவர் சரக்கு ஓடும் நாளில் பெரியவர் ஃபோல்டர், சின்னவர் சரக்கு ஓடும் நாளில் சின்னவர் ஃபோல்டர். யார் முதல் என்ற கேள்வியே கிடையாது. இதை இருவரிடமும் தனித்தனியாக விளக்கினேன். இருவரும் தலையாட்டினார்கள். சனிக்கிழமை பார்த்துவிட்டுக் கையெழுத்து என்றார்கள்.

அன்று சாயந்திரம் வேலை முடிந்து ஆட்கள் போன பிறகு சின்னவர் அளவு மெஷின் அறைக்குப் போய்ப் பொத்தானை அழுத்தி, தன் ஃபோல்டரிலிருந்து ஏதோ ஒரு பழைய லாட்டைத் திறந்து மூடிவிட்டுப் போனார். காலையில் தன் கதவு முதலில் திறக்க வேண்டும் என்று. பெரியவர் இதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். மறுநாள் சின்னவர் கிளம்பும்வரை அவர் கிளம்பவில்லை. அதற்கு மறுநாள் இருவருமே கிளம்பவில்லை. பெரியவர் ஆஃபீஸில் உட்கார்ந்து காலி டம்ளரைப் பார்த்தார், சின்னவர் வெளியே காயப்போட்ட தோல்களுக்கு நடுவே நடந்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தபரேஸ் அண்ணன் கேட்டில் நின்றார். நான் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு அவரோடு நின்றேன். பேஜார் புடிச்ச வேலை என்று அவர் சொன்னது எந்த வேலையை என்று நான் கேட்கவில்லை.

அங்கே நிற்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் எழுதியது எல்லாமே சரியாக வேலை செய்தது. முதலில் எழுதியதையும் விட்டுப்போன ஒரு சாய்கோட்டையும் தவிர எதிலுமே கோளாறு இல்லை. ஒரு பெட்டி எங்கே திறக்க வேண்டும் என்று யாராவது ஒருவர் சொன்னால் அது அங்கே திறக்கும். சொல்ல வேண்டியவர்கள் சொல்ல மாட்டார்கள் என்பதை ஈடுகட்ட நான் மேலும் மேலும் எழுதிக்கொண்டிருந்தேன். ஆஃபீஸில் ஆறடி நடந்து நடந்து செய்ததைத்தான் கம்ப்யூட்டரிலும் செய்துகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் போனதும் மேக்ரோவைத் திறந்து, ஃபோல்டரைப் பற்றி நான் எழுதிய எல்லா வரிகளையும் அழித்துவிட்டேன். பெட்டி பழையபடி ஆதார் அட்டைகளுக்கே போய்விட்டது.

பத்து மணிக்கு மேல் வண்டி வந்து நின்றது. லாட் ஒன்பது போக வேண்டும். வழக்கம்போல இரண்டு ஒன்பது இருந்தன. அன்று சோதனை நாள் என்பதால் இரண்டு பாய்களும் அறைக்கு வந்துவிட்டார்கள். அந்த அறையில் மெஷின் போக நாலு பேர் நிற்கத்தான் இடம். பெரியவர் என் வலது தோளுக்குப் பின்னால், சின்னவர் இடது தோளுக்குப் பின்னால். தபரேஸ் அண்ணன் கதவில். நான் பொத்தானை அழுத்தினேன். பெட்டி திறந்தது. யாருடைய பிள்ளையுடையதோ அந்த டி.சி. முதல் வரிசையில் இருந்தது.

பெரியவர் என் தலைக்கு மேலே, இது இன்னாம்மா என்றார்.

"எந்த ஃபோல்டர்னு சொல்லுங்க பாய். தொறக்கறேன்."

பெரியவர், வண்டி யாருடையது, எந்தச் சரக்கு என்று தனக்குத் தெரியாது, அவரிடம் கேள் என்றார். அவர் என்றால் ஒரு முழம் தள்ளி நிற்பவர்.

"நான் கேக்க மாட்டேன் பாய். அவரு இங்கதான் நிக்கறாரு."

மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான், அதற்குமேல் நான் பேசவில்லை. வெளியே டிரம் சுற்றும் சத்தம் கேட்டது. சுண்ணாம்பு வாடையோடு பெரியவரின் அத்தர் வாடையும் வந்தது. டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தார், பிறகு இன்னொரு முறை. என் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் மூச்சு விடுவது தனித்தனியாகக் கேட்டது. சாதாரணமாக அந்த இடத்தில் நான் எதையாவது சொல்லியிருப்பேன். சொல்லாமல் இருப்பதற்குப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. திங்கட்கிழமையும் ஆற்காட்டு வீடும் நினைவுக்கு வந்தன. இதோடு அதுவும் போய்விடும் என்றே நினைத்தேன். போகட்டும் என்றும் நினைத்தேன், அந்த நிமிஷத்தில் அப்படித்தான் இருந்தது.

மூன்றாவது ஹாரனுக்குச் சின்னவர் வாயைத் திறந்தார். உருதுவில், என் தலைக்கு மேலே, சரக்கு என்னுடையது என்றார். என்னிடம் சொல்லவில்லை.

பெரியவர் தொண்டையைக் கனைத்தார். பிறகு அவரும் உருதுவில், உன்னுடையது என்றால் முதலிலேயே சொல்வதற்கென்ன, வண்டிக்காரன் எவ்வளவு நேரம் நிற்பான் என்றார். நீ கேட்டால்தானே சொல்வது என்றார் சின்னவர். நான் ஏன் கேட்க வேண்டும் என்றார் பெரியவர். கதவில் நின்ற தபரேஸ் அண்ணன் மெதுவாகப் பின்னால் நகர்ந்து வெளியே போய்விட்டார்.

நான் டி டிரைவைத் திறந்து, 'அளவு' திறந்து, ரஃபியைத் திறந்து, லாட் ஒன்பதைக் காட்டினேன். பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. அவர்கள் நிறுத்தவில்லை. இரண்டு வருடம் அடைத்துவைத்தது கல்யாணப் பத்திரிகையைப் பற்றியோ தகப்பனாரைப் பற்றியோ இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. என்னைப் பற்றி.

ஒரு பெட்டியைத் திறக்க ஒரு மாதமா என்றார் பெரியவர். அதைத்தான் நானும் கேட்கிறேன் என்றார் சின்னவர். தினமும் ஒரு மாதிரித் திறந்தது, நான் அதை உன் வேலை என்று நினைத்தேன். நான் உன் வேலை என்று நினைத்தேன். இது பெரியவர். எட்டு ஃபோல்டர் ஆக்கி வைத்திருந்தாள், பார்த்தாயா. பார்த்தேன், பார்த்தேன். நல்ல பொண்ணுதான், பாவம், மூளைதான் கொஞ்சம் கம்மி. இதைச் சொன்னது சின்னவர். பெரியவர் சிரித்தார். இரண்டு வருடத்தில் தம்பி சொன்னதற்கு அவர் சிரித்த முதல் சிரிப்பாக இருக்க வேண்டும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சிரித்தார்.

ஒன்பது வருடம் அங்கே வேலை பார்த்தேன். அவர்கள் பேச்சில் எனக்குப் புரியாத வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் எனக்கு உருது தெரியாது என்று இருவரும் ஒரே மாதிரி நம்பினார்கள், சகோதரர்கள் இல்லையா.

காதெல்லாம் சூடாகிவிட்டது. திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். ஆனால் மேசையில் கீபோர்டுக்குப் பக்கத்தில் கடிதம் இருந்தது. அதை எடுத்து, பேனாவோடு, இருவருக்கும் நடுவில் நீட்டினேன். சின்னவர் அதை வாங்கி பிரிண்டர் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேச்சை நிறுத்தாமலே பெரியவரிடம் தந்தார், அவரும் போட்டார். யாரும் படித்துப் பார்க்கவில்லை. பெரியவர் கடிதத்தை என்னிடம் தந்து, போய் நல்லா இரும்மா என்று தமிழில் சொன்னார். உண்மையாகவே சொன்னார் என்றுதான் தோன்றியது. உடனே தம்பி பக்கம் திரும்பி, திங்கட்கிழமை வருகிற ஆளிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும், பெட்டி என் ஃபோல்டரில் திறக்கட்டும் என்றார். ஏன் உன் ஃபோல்டரில் என்றார் சின்னவர்.

வர்றேன் பாய் என்றேன். இருவர் காதிலும் விழவில்லை.

வெளியே தபரேஸ் அண்ணன் வண்டிக்குப் பக்கத்தில் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். பேக்கிங் லிஸ்ட்டைக் கொடுத்தேன். அறைக்குள்ளிருந்து வரும் சத்தத்தைத் தலையால் சுட்டிக்காட்டி, சண்டையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார், கட்டு எண்ணுவதை விடாமல்.

பைபாஸில் வேலூர் பஸ் உடனே கிடைத்தது. உட்கார இடம் இல்லை. செல்வகுமாருக்கு, கிடைத்துவிட்டது என்று ஒரு மெசேஜ் மட்டும் அனுப்பினேன். கடிதத்தைக் கசங்காமல் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். எனக்கு வர வேண்டிய மகிழ்ச்சி எதுவும் வரவில்லை. மூளை கம்மி என்பதற்கு உருதுவில் என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். மரியாதை குறையக் கூடாது, ஆனால் இருவருக்கும் ராத்திரி வரை உறுத்த வேண்டும். ஒவ்வொரு வார்த்தையாக மாற்றி மாற்றிப் போட்டேன். வாக்கியம் குறையில்லாமல் வந்து நின்றபோது பஸ் மாதனூரைத் தாண்டியிருந்தது.